மின்காரின் கதவில் ஒடுக்கு: டிங்கரிங் பட்டறைக்குக் கொடுக்கலாமா?

பெருந்துறையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது:

"எங்கள் மின்சாரக் காருக்கு இரண்டே கால் வயதாகிறது. கோபிக்கு அருகே ஒரு திருமண மண்டபத்திலிருந்து வெளியே எடுக்கும்போது இடது பக்கம் கல்தூணில் உரசி, முன்கதவும் பின்கதவும் ஒடுங்கிவிட்டன. கதவுகளுக்குக் கீழே உள்ள ரன்னிங் போர்டும் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே போயிருக்கிறது. பதற்றத்தில் ஸ்டியரிங்கை ஒடித்ததில் வாசல் சாய்தளத்தின் விளிம்பிலிருந்து முன்சக்கரம் இறங்கி, அடியில் 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. மூன்று வாரமாக ஓட்டுகிறேன். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. எங்கள் பழைய டீசல் வண்டிக்குப் பதினைந்து வருடம் வேலை செய்த டிங்கரிங் பட்டறைக்காரர், 'டொக்கு எடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிச்சுத் தர்றதுக்கு 22,000 ஆகுங்க, ஒண்ணும் ஆகாதுங்க' என்கிறார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரன்னிங் போர்டை வெட்டி மாற்ற வேண்டும் என்று சொல்லி 84,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். பெயின்ட் ஓவனுக்குள் வைத்தால் பேட்டரி கெட்டுவிடும் என்று என் மைத்துனர் பயமுறுத்துகிறார். எங்கே கொடுப்பது? இன்சூரன்சில் போடுவதா, கையிலிருந்து கொடுத்துவிடுவதா?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகள் அனைத்தும் கதவைப் பற்றியும் பெயின்டைப் பற்றியும் இருக்கின்றன. ஆனால் விபத்துச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயராகப் பல ஆண்டுகள் கோவையிலும் ஈரோட்டிலும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியவன் என்ற முறையில், உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த 'டொம்' என்ற ஒற்றைச் சொல்தான். ஒடுங்கிய கதவு இன்னும் ஆறு மாதம் அப்படியே இருந்தாலும் அசிங்கமாகத் தெரியுமே தவிர ஆபத்தில்லை. அடியில் பட்ட அடி அப்படியல்ல. ஆகவே எங்கே கொடுப்பது என்பதை முடிவுசெய்வதற்கு முன்னால், இந்த வாரமே வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். அந்தப் பரிசோதனையில் என்ன தெரிகிறதோ அதுதான் பட்டறை எது, செலவு எவ்வளவு, இன்சூரன்ஸ் படிவத்தில் என்ன எழுதுவது என்ற மூன்றையும் தீர்மானிக்கும்.

காரணத்தைச் சொல்கிறேன். உங்கள் பழைய டீசல் காரில் இரண்டு ரன்னிங் போர்டுகளுக்கும் நடுவே இருந்தவை சைலன்சர் குழாயும், டீசல் குழாயும், நிறைய வெற்றிடமும்தான். மின்காரில் அதே இடத்தில், இருக்கைகளுக்குக் கீழே அகலமாகப் படுத்திருப்பது சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரிப் பெட்டி. பக்கவாட்டில் வரும் இடியை வாங்கிக்கொண்டு அந்தப் பெட்டியைக் காப்பதற்காகவே ரன்னிங் போர்டின் உட்பகுதி மிகு வலிமை கொண்ட எஃகால் செய்யப்படுகிறது. அதாவது, நாம் ஏறும்போது கால்படும் ஒரு தகடாகக் கருதி வந்த பகுதி, இந்த வண்டியில் பேட்டரிக்கு மதில் சுவராக நிற்கிறது. அந்த மதிலில் உங்கள் கல்தூண் ஒரு சாண் நீளத்துக்கு ஒடுக்கு விழவைத்திருக்கிறது. சாய்தளத்தின் விளிம்பு கீழிருந்து பெட்டியையே தட்டியிருக்கலாம்.

எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது நல்ல செய்திதான், ஆனால் அது முழுச் செய்தியல்ல. வண்டியின் கணினிக்கு மின்கசிவு தெரியும், செல்களின் வெப்பமும் மின்னழுத்தமும் தெரியும். பெட்டியின் அடித்தட்டில் ஒரு குழி விழுந்திருப்பதோ, மூடியின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் அடைப்பு விலகியிருப்பதோ அதற்குத் தெரியாது. பல மின்கார்களின் பேட்டரிப் பெட்டிகளுக்கு ஐபி67 என்ற தரம் உண்டு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனை நடந்தது அடிபடாத பெட்டிக்கு. ஐப்பசி மழையில் ஏதாவது தரைப்பாலத்தில் தேங்கிய நீரைக் கடக்கும் நாளில், விலகிய அடைப்பு தன் வேலையைக் காட்டும்.

லிஃப்டில் ஏற்றுவதிலும் ஒரு கவனம் வேண்டும். மின்காரை நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கக் கூடாது. ரன்னிங் போர்டின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருக்கும் நான்கு இடங்களில்தான் தாங்கல் கொடுக்க வேண்டும். உங்கள் வண்டியில் அந்த நான்கில் ஒன்று ஒடுங்கிய பகுதிக்கு அருகிலேயே இருக்கக்கூடும் என்பதால், அதைச் சொல்லிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியபின் பார்க்க வேண்டியவை: பேட்டரிப் பெட்டியின் அடித்தட்டில் குழி அல்லது கீறல், பெட்டியைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றிப் புதிதாக உரிந்த பெயின்ட், குளிர்விப்பு நீர் கசிந்த தடம், ஆரஞ்சு நிற உறைக்குள் ஓடும் உயர்மின்னழுத்தக் கம்பிகளில் நசுங்கல். அதோடு, கணினியை இணைத்து, மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசியாமல் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று காட்டும் மின்காப்பு எதிர்ப்பு என்னும் அளவைப் படித்து, அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். உயர்மின்னழுத்தச் சுற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே டிசி சுற்றுக்கு வோல்ட்டுக்கு 100 ஓமும், ஏசி சுற்றும் அதோடு இணைந்திருந்தால் வோல்ட்டுக்கு 500 ஓமும் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 320 வோல்ட் வண்டி என்று வைத்துக்கொண்டால், முறையே 32,000 ஓம், 1,60,000 ஓம். நல்ல நிலையில் உள்ள வண்டி இதைவிடப் பல மடங்கு அதிகமாகவே காட்டும். இந்தப் பரிசோதனையை மட்டும் சர்வீஸ் சென்டரில்தான் செய்ய வேண்டும். உங்கள் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதற்குரிய கருவியும் மென்பொருளும் அவரிடம் இருக்காது.

பார்க்கும் நாள் வரைக்கும் வண்டியை வீட்டுச் சுவரை ஒட்டியோ மாட்டுக் கொட்டகைக்கு அருகிலோ நிறுத்தாமல், இடமிருந்தால் ஐம்பது அடி தள்ளித் திறந்த வெளியில் நிறுத்துங்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி சில நேரம் மணிக்கணக்கில், ஏன், நாள்கணக்கில் தாமதித்தும் சூடேறித் தீப்பற்றுவது உண்டு. மூன்று வாரம் கடந்துவிட்டதால் உங்கள் வண்டிக்கு அப்படி நேரும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் வாசலில் இடம் இருக்கும்போது இதில் துணிச்சல் காட்ட வேண்டியதில்லை.

இனி பட்டறைக்கு வருகிறேன். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த மண் இது. தகட்டு வேலையில் நம் ஆட்களின் கைக்கு ஈடு கிடையாது. கதவின் வெளித்தகட்டை, மின்சாரத்தால் முனையை ஒட்டவைத்து ஒடுக்கை இழுக்கும் ஸ்பாட் புல்லரால் நேராக்கி, மெல்லியதாகப் பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, நிறம் அடித்து, கிளியர் கோட் கொடுப்பது டீசல் வண்டியிலும் மின்காரிலும் ஒரே வேலைதான். கதவுக்குள் உயர்மின்னழுத்தக் கம்பி எதுவும் ஓடுவதில்லை. ஆகவே இரண்டு கதவுகளையும் உங்கள் பட்டறைக்காரரிடம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. தயக்கமெல்லாம் கதவுக்குக் கீழே தொடங்குகிறது.

மின்சாரம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவாகப் பயம் கிடையாது என்பதும் இந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம். கோவை பீளமேட்டில் 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை உள்நாட்டிலேயே செய்து காட்டிய காலத்திலிருந்து, கிணற்று மேட்டில் மூன்று பேஸ் மோட்டாரோடு பழகிய கை நம்முடையது. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மாட்டுவதைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்திருக்கிறார்கள். ஆனால் அது ஏசி. வினாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொட்டுப் போகிற மின்சாரம் என்பதால், இணைப்பைப் பிரிக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைய வழியுண்டு. மின்காரின் பேட்டரி கொடுப்பது டிசி. அதில் பூச்சியம் என்ற இடமே வராததால், பிரியும் இரு முனைகளுக்கிடையே எழும் பொறி அணையாமல் நீண்டு, உலோகத்தையே உருக்கிவிடும். இன்னொன்றையும் பட்டறைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: வண்டியை அணைத்தால் பேட்டரிப் பெட்டிக்கு வெளியே ஓடும் கம்பிகளில் மின்சாரம் நின்றுவிடும், ஆனால் பெட்டிக்குள் அது ஒருபோதும் நிற்பதில்லை. பெட்டிக்குள் நுழையும் ஒரு துளையிடும் முனைக்கோ திருகுக்கோ, வண்டி அணைந்திருக்கிறதா ஓடுகிறதா என்ற வேறுபாடே கிடையாது.

திருகு என்று சும்மா சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப்போன ஒரு மின்காரில், டிங்கரிங் மிக நேர்த்தியாக முடிந்திருந்தது. ரன்னிங் போர்டின் கீழ்ப்பக்கம் மூடும் பிளாஸ்டிக் உறையின் கிளிப்புகள் உடைந்துவிட்டதால், அவற்றுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த நீளத் திருகுகளைப் போட்டு முடுக்கியிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் முனை ஆரஞ்சுக் கம்பியின் உறையைத் தொட்டுக்கொண்டு நின்றது. பட்டறைக்காரர் நேர்மையானவர், வேலை தெரிந்தவர். அந்தத் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே ரன்னிங் போர்டைப் பொறுத்தவரை, ஒடுக்கு வெளித்தகட்டோடு நின்றிருக்கிறதா, உள்ளே இருக்கும் வலிமைத் தகடும் நெளிந்திருக்கிறதா என்பதே கேள்வி. கதவை மூடிப் பாருங்கள். கதவுக்கும் ரன்னிங் போர்டுக்கும் இடையிலான சந்து வலது பக்கத்தில் உள்ளதைப் போலவே சீராக இருக்கிறதா, மூடும் சத்தம் மாறியிருக்கிறதா என்பது ஓரளவு காட்டிக்கொடுக்கும். முடிவாகச் சொல்லக்கூடியது உட்பக்க உறையைக் கழற்றிப் பார்ப்பதும் அளவெடுப்பதும்தான். வெளித்தகடு மட்டும் என்றால், வெட்டி மாற்றாமல் இழுத்து நேராக்கவே முடியும். அப்போது 84,000 என்ற எஸ்டிமேட் கணிசமாகக் குறைய வாய்ப்பிருக்கிறது, அதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டாம். உள்தகடும் நெளிந்திருந்தால், கேஸ் விளக்கால் சூடாக்கி அடித்து நேராக்கும் வேலையே கூடாது. அந்த வகை எஃகைச் சூடாக்கினால் அதன் வலிமை போய்விடும். பார்ப்பதற்கு மதில் நிற்கும், அடுத்த இடியைத் தாங்காது. பேட்டரியின் உயர்மின்னழுத்த இணைப்பைப் பிரித்து, தேவைப்பட்டால் பெட்டியையே கீழே இறக்கி, உற்பத்தியாளர் சொன்ன இடத்தில் வெட்டி, சொன்ன முறையில் வெல்டு வைக்க வேண்டும். இணைப்பைப் பிரித்தவுடனேயும் தொடக் கூடாது. பேட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டருக்குள் தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்கு உற்பத்தியாளர் குறிப்பிடும் சில நிமிடங்கள் காத்திருந்து, மின்னழுத்தம் அறுபது வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதை மீட்டரால் உறுதிசெய்த பிறகே கை வைக்கலாம். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையும் அதற்கான பயிற்சியும் இல்லாத இடத்தில் இந்த வேலை நடக்கக் கூடாது.

கதவு வேலையை உங்கள் பட்டறையில் கொடுப்பதானால், மூன்று சிறிய விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மின்காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. ஸ்பாட் புல்லரை வைப்பதற்கு முன் அதன் இணைப்பைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட வேண்டும், எர்த் கிளாம்பை வேலை நடக்கும் அதே கதவிலேயே மாட்ட வேண்டும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியில் இடியை உணரும் கருவி கதவிலோ நடுத்தூணிலோ இருக்கும். மின்இணைப்போடு சுத்தியலால் தட்டினால் ஏர்பேக் வெடிக்கவும் கூடும். இரண்டாவதாக, 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றாமல் கதவைத் திறந்தபடியே நான்கு நாள் போட்டுவைத்தால் அது வடிந்துபோகும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி அசையாது, பட்டறையில் இருப்பவர்கள் மோட்டாரே போய்விட்டது என்று பதறுவார்கள். மூன்றாவது, சாவி. மின்கார் ஓடத் தயாராக நிற்பது சத்தத்தில் தெரியாது. சாவியை வண்டிக்குள் விடாமல் நீங்களே எடுத்துச் செல்லுங்கள், அல்லது தள்ளியிருக்கும் மேசை டிராயரில் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மைத்துனரின் அச்சத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பெயின்ட் ஓவனில் பொதுவாக 60 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைப்பார்கள். அவசரக்காரர்கள் 80 வரை ஏற்றுவதும் உண்டு. சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரிப் பெட்டி அரை மணி நேரத்தில் உட்புறம் வரை சூடேறிவிடாது. பெரிய அண்டாத் தண்ணீரை விறகின் மேல் வைத்தவுடன் கொதிக்காததைப் போலத்தான். கேடு வருவது வெப்பத்தை ஏற்றுவதாலும், நேரத்தை நீட்டுவதாலும், நிறம் பொருந்தவில்லை என்று ஒரே நாளில் மூன்று முறை ஓவனுக்குள் தள்ளுவதாலும்தான். உற்பத்தியாளரின் பழுதுநீக்கக் கையேட்டில் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் என்ற வரம்பு இருக்கும், அதைக் கேளுங்கள். வண்டியை முழுச் சார்ஜில் கொண்டுபோகாமல், பாதிக்குக் குறைவாக வைத்துக் கொடுங்கள். கதவுகளைக் கழற்றித் தனியாக ஓவனில் வைப்பதும், ரன்னிங் போர்டுக்கு மட்டும் அகச்சிவப்பு விளக்கைக் காட்டி உலரவைப்பதும் இன்னும் நல்ல வழிகள். உங்கள் பட்டறைக்காரரிடம் ஓவனே இல்லை, கொட்டகையில் காற்றில்தான் உலரவைக்கிறார் என்றால், தூசி படிந்து பளபளப்பு சற்றுக் குறையலாமே ஒழிய, பேட்டரிக்கு அதைவிடப் பாதுகாப்பான முறை கிடையாது.

கடைசியாகப் பணம். பலர் தவறு செய்யும் இடம் இதுதான் என்பதால் கணக்கைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். உங்கள் வண்டி மூன்றாம் ஆண்டில் ஓடுகிறது. இதுவரை கிளைம் எதுவும் இல்லையென்றால், அடுத்த புதுப்பிப்பில் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், 35 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், அதன் பின் 45, பிறகு 50. இப்போது கிளைம் செய்தால் அடுத்த ஆண்டு தள்ளுபடி பூச்சியம், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடியும் படியேற வேண்டும். இரண்டு வரிசைகளையும் கழித்துப் பார்த்தால் ஐந்து ஆண்டுகளில் நீங்கள் இழப்பது 35, 25, 25, 15, 5. கூட்டினால் 105 சதவீதம். சொந்தச் சேதப் பிரீமியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21,000 ரூபாய். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே வேலை கதவுகளோடு முடிந்து 22,000 ரூபாய்க்குள் அடங்கினால், கிளைம் செய்வதில் பெரிய இலாபம் இல்லை. ரன்னிங் போர்டை மாற்ற வேண்டிவந்தால் யோசிக்காமல் கிளைம் செய்யுங்கள்.

'பம்பர் டு பம்பர்' பாலிசி இல்லையென்றால் தேய்மானக் கழிவும் உண்டு: உங்கள் வண்டியின் வயதுக்கு உலோகப் பாகங்களில் 15 சதவீதம், பிளாஸ்டிக்கில் 50 சதவீதம், பெயின்டில் பொருளின் விலையில் பாதி. பேட்டரிக்கும் 50 சதவீதம் என்று அந்த விதியில் இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. வண்டியின் விலையில் பெரும்பங்கு பெறும் பெரிய பேட்டரிக்கு உங்கள் நிறுவனம் அதை எப்படிப் பொருத்துகிறது என்பதை ஏஜென்ட்டிடம் வாய்ப்பேச்சாக அல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படிவத்தில் கல்தூணை மட்டும் எழுதிவிட்டு அந்த 'டொம்' சத்தத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே நிகழ்வில் பக்கவாட்டிலும் அடியிலும் அடிபட்டது என்று உள்ளபடியே எழுதினால்தான், உறையைக் கழற்றியபின் பெட்டியில் சேதம் தெரியவந்தாலும் அதே கிளைமில் சேரும். எழுதாமல் விட்டால், பின்னால் வருவதை வேறு விபத்தின் சேதம் என்று என்னைப் போன்ற ஒரு சர்வேயரே தள்ளிவிடுவார், தள்ளவும் வேண்டியிருக்கும். மூன்று வாரத் தாமதத்துக்கான காரணத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். தாமதத்தை மட்டுமே காட்டி உண்மையான கிளைமை நிராகரிக்க வேண்டாம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஆனால் அடிபட்ட வண்டியைப் பழுதுபார்க்காமல் ஓட்டியதால் சேதம் கூடினால், கூடிய பகுதி உரிமையாளரின் பொறுப்பு என்பது பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. எனவே சர்வேயர் பார்க்கும்வரை எதையும் பிரிக்கவோ பட்டி பூசவோ விடாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும் அந்த ஒரு பயணத்தைத் தவிர வண்டியை வெளியே எடுக்காதீர்கள். அடியில் கசிவோ விளக்கோ தெரிந்தால் அந்தப் பயணமும் வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றிச்செல்லும் தட்டை லாரியை வரவழையுங்கள். மின்காரைக் கயிறு கட்டி இழுத்தால் சக்கரத்தோடு மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், அது வேறு செலவில் கொண்டுபோய் விடும்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்னால் மீண்டும் ஒருமுறை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடி உறையின் ஒவ்வொரு கிளிப்பும் அசலா, நடுவே திருகு ஏதும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரன்னிங் போர்டு மாற்றியிருந்தால், அதன் உட்குழிக்குள் துருத்தடுப்பு மெழுகு அடித்ததற்கான விவரம் பில்லில் இருக்கிறதா என்று கேளுங்கள். மின்காப்பு எதிர்ப்பை மறுபடியும் படித்து அச்சிட்ட தாளை, முதலில் வாங்கிய தாளோடு சேர்த்து ஆர்.சி. புத்தக உறையிலேயே வையுங்கள். பேட்டரி உத்தரவாதம் முடிவதற்குள் அந்த இரண்டு தாள்களையும் யாராவது ஒருவர் உங்களிடம் கேட்கக்கூடும்.